பிரஷர் அளவின் வாலில் ஒரு 6

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வீட்டிலேயே பிரஷர் பார்க்கிறோம். மெஷினிலிருந்து செல்போனுக்கும், அங்கிருந்து சேலத்தில் டாக்டரின் கணினிக்கும் போய்விடுகிறது. 148, 92 என்று வெறும் எண்கள்தானே? எது மேல் பிரஷர், எது கீழ் பிரஷர் என்று அந்தக் கணினிக்கு யார் சொன்னது?"

எண் தனியாகப் பயணம் செய்வதில்லை. யாருடைய அளவு, என்ன அலகு, எப்போது எடுத்தது எல்லாம் கூடவே போகும். எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஃபயர் என்ற தரநிலை வகுக்கிறது. நம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் அதைத்தான் பின்பற்றுகிறது. அலகு முக்கியம்: இங்கே டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்கிற சர்க்கரை, பிரிட்டனில் லிட்டருக்கு 7 மில்லிமோல். எடுத்த நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியே பதிவாவதால், சிக்னல் இல்லாத மலைக்கிராமத்துக் காலை அளவு மாலையில் போனாலும் காலை அளவாகவே இருக்கும்.

இனி வாசகர் கேட்டது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் லோயிங்க் என்ற பட்டியலில் ஒரு குறியீடு உண்டு. அந்தப் பட்டியலை அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கியது. மேல் பிரஷருக்கு 8480-6, கீழ் பிரஷருக்கு 8462-4. அளவோடு இந்தக் குறியீடும் போவதால்தான் எது மேல், எது கீழ் என்று கணினிக்குத் தெரிகிறது. எனக்குப் பிடித்தது கோட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்த 6.

8480-ஐ வலமிருந்து எடுங்கள். 0-ஐ இரட்டிப்பாக்கினால் 0. அடுத்த 8 அப்படியே. 4-ஐ இரட்டிப்பாக்கினால் 8. கடைசி 8 அப்படியே. மொத்தம் 24. பத்தின் அடுத்த மடங்கான முப்பதை எட்ட 6 குறைகிறது. அதுதான் வாலில் ஒட்டியிருக்கிறது. லேப் ஊழியர் அவசரத்தில் 4880-6 என்று தட்டிவிட்டால்? 0, 8, பிறகு 8 இரட்டித்து 16, அதன் இலக்கங்களைக் கூட்டி 7, கடைசியில் 4. மொத்தம் 19. வாலில் 1 வர வேண்டும், 6 இருக்கிறது. மாட்டிக்கொண்டது!

வெறுமனே கூட்டினால் இலக்கம் இடம் மாறியது தெரியாது. ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பதால் இடத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. இன்னொரு அழகு: 0 முதல் 9 வரை இரட்டித்து இலக்கங்களைக் கூட்டினால் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9. ஒன்றுபோல் இன்னொன்று வரவில்லை. அதனால் ஒரே ஒரு இலக்கம் தவறினாலும் தப்பாது. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-இல் காப்புரிமை பெற்ற முறை இது. உங்கள் ஏடிஎம் கார்டு எண்ணிலும் இருக்கிறது. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை 8 என்றால் பயந்து, வேறு எண்ணுக்குப் பணம் கட்டுகிறவர்களிடம் இந்தக் கூட்டலைக் காட்ட வேண்டும்.

ஒரு லேபில் 'எஃப்பிஎஸ்', இன்னொன்றில் 'ஃபாஸ்டிங் சுகர்', மூன்றாவதில் 'வெறும் வயிறு'. மூன்றையும் ஒரே குறியீட்டில் பொருத்த ஆள் வேண்டும். ஸ்கேன் மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், இந்த வேலைக்கு யாரும் வெட்டமாட்டார்கள். ஆனாலும் முதலில் பணம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான் என்பேன்.

லூன் முறைக்கும் ஓட்டை உண்டு: 09, 90 என்று இடம் மாறினால் கண்டுபிடிக்காது. மேல் பிரஷருக்குக் கீழ் பிரஷரின் குறியீட்டையே ஒட்டிவிட்டால், குறியீடு சரியானது என்பதால் அதுவும் கடந்துபோகும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றித் தவறாக எடுத்த அளவும் ஒழுங்காகச் சேலம் போய்ச் சேரும். பேட்டரி மாற்றிய பிறகு மெஷினில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.