லூசின் கூடினால் வேலின் ஏன் தேய்கிறது? பால்மறந்த பன்றிக்குட்டியின் தீவனக் கணக்கு

"வளர வேண்டிய வயதில் குட்டிக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குட்டியின் உடல் கேட்பது அமினோ அமிலங்களை. புரதம் அவற்றைக் கட்டிவரும் மூட்டை. அந்த மூட்டையைப் பிரிக்கும் வலு இந்த வயதில் குறைவு.

3 அல்லது 4 வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கும்போது குட்டி 6 முதல் 8 கிலோ இருக்கும். அதன் இரைப்பையில் அமிலம் இன்னும் சரியாகச் சுரக்காது. அதுவரை பாலின் லாக்டோஸ் புளித்து உண்டான லாக்டிக் அமிலம் அந்தக் குறையை மூடி வைத்திருந்தது. பால் நின்றதும் அதுவும் நின்றுவிடும். சோயாப் புண்ணாக்கோ இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகி அம்மோனியாவும் அமீன்களும் ஆகும்; ஈ.கோலை என்ற பாக்டீரியா கொழுக்கும், கழிச்சல் தொடங்கும். இந்தக் கழிச்சலை அடக்கப் பயன்பட்ட மருந்தளவு துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. அதிலிருந்து புரதத்தைக் குறைக்கும் வழிக்கு அங்கே மவுசு கூடிவிட்டது. தீவன மூட்டையில் புரதச் சதவீதம் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருக்கிறதோ தீவனம் அவ்வளவு உசத்தி என்பது, என் பார்வையில், படித்தவர்களிடமும் உள்ள மூடநம்பிக்கை.

மாற்றுக் கணக்கு எளிது: சோயாவைக் குறைத்து, அதனால் குறையும் அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்ப்பது. லைசின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் பார்த்தால், 100 கிலோ சோயாப் புண்ணாக்கு செய்யும் வேலையை 97 கிலோ மக்காச்சோளமும் 3 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடும் செய்யும். ஒரு டன் தீவனத்தில் இந்த மாற்றம் செய்தால் புரதம் சுமார் 3.5 சதவீதப் புள்ளி இறங்கும். ஆனால் சோயாவோடு மற்ற அமினோ அமிலங்களும் வெளியேறியிருக்கும். செரிக்கும் லைசினை 100 என்று வைத்தால் திரியோனின் 62, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 58, டிரிப்டோபன் 20, வேலின் 68, ஐசோலூசின் 53 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை தசையாகாமல் யூரியாவாகிச் சிறுநீரில் போகும்.

பலர் லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபனோடு நின்றுவிடுகிறார்கள். ஐந்தாவதான வேலினில்தான் சுவாரசியமே. லூசின், வேலின், ஐசோலூசின் மூன்றும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள். மூன்றையும் சிதைப்பது ஒரே நொதிக் கூட்டம். முதல் நொதி அமினோ தொகுதியைக் கழற்றிக் கீட்டோ அமிலமாக்கும். அதுவரை திரும்பி வர வழி உண்டு. அடுத்த நொதி அந்தக் கீட்டோ அமிலத்தை வெட்டிவிடும். அதன்பின் மீட்பே இல்லை. அதனால் உடல் இந்த இரண்டாம் நொதிக்கு ஒரு காவலாளியை வைத்திருக்கிறது: கைனேஸ் என்ற இன்னொரு நொதி, பாஸ்பேட்டை ஒட்டி நொதியைப் பூட்டி வைக்கும். லூசின் மிஞ்சினால் அதன் கீட்டோ அமிலம் இந்தக் காவலாளியை முடக்கிவிடும். பூட்டு திறக்கும். லூசினை எரிக்கத்தான் திறந்தது. ஆனால் வந்தது எது என்று நொதி பார்ப்பதில்லை. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் வேலினும் ஐசோலூசினும் சேர்ந்தே எரியும். மீந்தவன் செலவுக்கு இல்லாதவன் பணம் கட்டுகிற கதை!

மக்காச்சோளப் புரதத்தில் லூசின் ஏராளம். சோயாவை எடுத்துச் சோளத்தைக் கூட்டும்போது வேலின் இறங்கும் வேகத்தில் லூசின் இறங்காது. உலர்த்திய இரத்த அணுத்தூள் சேர்த்தால் நிலைமை மோசம்: அதில் லூசின் மிகுதி, ஐசோலூசின் பெயருக்குத்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதியை உலர்த்திய பிளாஸ்மாத் தூளை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளைக்குள் நுழையும் வாசலிலும் லூசின் டிரிப்டோபனை முந்திக்கொள்ளும். விளைவு முதலில் தீவனத் தொட்டியில் தெரியும்: கழிச்சல் இல்லாமலே குட்டி தின்பதைக் குறைத்தால் மருந்து தேடுமுன் வேலினையும் டிரிப்டோபனையும் கணக்குப் பாருங்கள்.

புரதத்தை இறக்குவதற்கும் எல்லை உண்டு. மொத்தப் புரதத்தில் செரிக்கும் லைசின் 6.5 சதவீதத்தைப் பெரிதாகத் தாண்டினால் மற்ற அமினோ அமிலங்களைக் கட்டுவதற்கான நைட்ரஜனே போதாது. பிரித்த முதல் 10, 14 நாளுக்கு 18% புரதம், 1.2% லைசின் என்று சற்றே தாழ்த்தி வைக்கலாம். அடுத்த கட்டத் தீவனம் சரியாக இருந்தால் குட்டி விட்டதைப் பிடித்துவிடும்.

கலவையில்தான் அதிகம் சொதப்புகிறது. டிரிப்டோபன் டன்னுக்குச் சில நூறு கிராம்தான். நேரே கலவை இயந்திரத்தில் கொட்டினால் ஒரு மூட்டையில் கூடும், இன்னொன்றில் இருக்காது. முதலில் 10 கிலோ அரைத்த சோளத்தில் பரப்பிக் கலந்து, பிறகு சேர்க்க வேண்டும். லைசின் ஹைட்ரோகுளோரைடின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குளோரைடு. ஆகவே சாப்பாட்டு உப்பின் ஒரு பகுதிக்குப் பதில் சோடியம் பைகார்பனேட் போடுவது நல்லது. மோர்த்தூள் உள்ள தீவனத்தைக் குச்சியாக்கும்போது நீராவிச் சூடு மிஞ்சினால் லாக்டோஸ் லைசினைப் பிடித்துக்கொள்ளும். நிறம் பழுப்பேறினால் போட்ட காசில் ஒரு பகுதி போயிற்று. நாளுக்கு ஒரே வேளை தீவனம் வைத்தாலும் நட்டம்தான். தனி அமினோ அமிலம் இரத்தத்துக்கு முந்தி வந்துவிடும். சோயாவிலிருந்து மற்றவை வந்து சேர்வதற்குள் கல்லீரல் அதை எரித்திருக்கும். தொட்டி எந்நேரமும் நிரம்பியிருந்தால் இந்தச் சிக்கலே எழாது.