மீட்டர் சொல்வது கம்பி முனையின் சூடு, கண்ணாடியின் சூடு அல்ல

ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்திவரும் ஓர் அம்மா, உடைந்த கண்ணாடிக் கிண்ணத்தின் இரண்டு துண்டுகளைப் பழைய துண்டில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "யாரும் தொடக்கூட இல்லைங்க தம்பி. அலமாரியில வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. ராத்திரி பட்டுன்னு ஒரு சத்தம், காலைல பார்த்தா ரெண்டு துண்டு" என்றார். சூளையிலிருந்து எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. விரிசல் நடுவில் நேராக ஓடி, ஓரத்தை நெருங்கும் இடத்தில் கொக்கி போல் வளைந்திருந்தது. மின்சூளைகளைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், இந்த வளைவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடி சரியாக ஆறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது.

அவர் பயன்படுத்தியது நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஜன்னல் கண்ணாடி, அதாவது ஃப்ளோட் கண்ணாடி. 6 மி.மீ. தகடுகள் இரண்டை அடுக்கி உருக்கி ஒட்டி, பிறகு அச்சின் மேல் வளைத்திருந்தார். சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலரில் ஏற்றியிருந்த அட்டவணையோ அமெரிக்க நிறுவனமான புல்ஸ்ஐயின் கலைக் கண்ணாடிக்கானது. அந்தக் கண்ணாடியை 482 டிகிரி செல்சியஸில் நிறுத்தி ஆற்ற வேண்டும் என்று அந்நிறுவனம் சொல்வது அதற்கு முற்றிலும் சரி. ஃப்ளோட் கண்ணாடிக்கு அனீலிங் சூடு, அதாவது உள்ளே உள்ள இழுவிசை தளர நிறுத்திவைக்கும் சூடு, ஏறத்தாழ 545 டிகிரி. சுமார் 510 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் அது இறுகிவிடும், உள்ளே சிக்கிய இழுவிசை அதன்பின் தளராது. ஆகவே இந்த அம்மா 482 டிகிரியில் இரண்டு மணி நேரம் பொறுமையாக நிறுத்திவைத்தது, ஆறிப்போன சாதத்துக்குத் தம் போட்டது போலத்தான். இழுவிசை அதற்கு முன்பே உள்ளே உறைந்துவிட்டது. பதினோராம் நாள் மலையின் இரவுக் குளிர் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் கண்ணாடியில் 12 மி.மீ. கனத்துக்கு நான் சொல்லும் கணக்கு இது: 550 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து 480 வரை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டு, 370 வரை சற்று வேகம் கூட்டி, அதன்பின் சூளையைத் திறக்காமல் தானாக ஆற விடுவது. கனம் இரட்டிப்பானால் ஆற்றும் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, 25 மி.மீ. கட்டியை ஒரே இரவில் ஆற்றி எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இழுவிசை இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றை அதன் முன் பிடித்துத் திரை இருண்டு போகும்வரை திருப்புங்கள். அந்த நிலையில் திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவில் உங்கள் பொருளை நீட்டினால், இழுவிசை உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நிறமற்ற கண்ணாடியில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அந்த அம்மாவின் கிண்ணத்துண்டில், உடைந்த பிறகும், அடிப்பாகத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரிந்தது. இரண்டு வெவ்வேறு பாட்டில்களை ஒன்றாக உருக்கி ஒட்டுபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டின் விரிவும் இறுகும் விதமும் பொருந்தாவிட்டால், ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் அது போகாது. ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளை மட்டும் சேர்ப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

அட்டவணை சரியாக இருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு: மீட்டரில் 550 என்று தெரியும்போது கண்ணாடி உண்மையில் எந்தச் சூட்டில் இருக்கிறது? மீட்டருக்குத் தெரிவது, சூட்டை அளக்கச் சூளைக்குள் நீட்டியிருக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையில் உள்ள சூடு மட்டுமே. மூடியில் காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) உள்ள சூளையில் அந்த முனை காயிலுக்கு அருகில் இருந்தால், சூடு ஏறும்போது எண் முந்திக்கொண்டு ஓடும். கண்ணாடியும் அதைத் தாங்கும் பலகையும் பின்னால் மெதுவாக வரும். முனையைப் பலகையின் மட்டத்துக்கு இறக்குவது பாதி நோயைத் தீர்க்கிறது.

தெர்மோகப்பிளை மாற்றும்போது நேரும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சூளைகளில் உள்ள கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியில், அமெரிக்க முறைப்படி மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சர்வதேச முறைப்படி பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சிவப்பைப் பாசிட்டிவ் என்று கைப்பழக்கமாகவே எடுத்துக்கொள்ளும் நம் எலெக்ட்ரீஷியன், எந்தக் குற்றமும் அறியாமல், அமெரிக்கக் கம்பியை மாற்றி மாட்டிவிடுகிறார். விளைவு என்னவென்றால், சூளை சூடேறச் சூடேற மீட்டரின் எண் இறங்கிக்கொண்டே போகும். உள்ளே குளிராக இருக்கிறது என்று நம்பும் கண்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்தவே நிறுத்தாது. இப்படி ஒரு சூளையைத் திறந்தபோது, கண்ணாடி பலகையின் ஓரத்தில் வழிந்து கீழ்ச்செங்கல்லுக்குள் பாகு போல் இறங்கி உறைந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கம்பியை மாட்டியவுடன் முனையில் லைட்டர் சுடரைக் காட்டுங்கள். எண் ஏற வேண்டும். இறங்கினால் அங்கேயே மாற்றி மாட்டுங்கள்.

கே வகைக் கம்பி நாளடைவில் தவறாகவும் சொல்லத் தொடங்கும். அதைச் சோதிக்க சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டை. சுத்த வெள்ளி 961.8 டிகிரியில் உருகும். திறந்த காற்றில் ஆக்சிஜனை உள்வாங்குவதால் சுமார் பத்து டிகிரி முன்னதாகவே உருகிவிடும். சூளையில் வேறு எதுவும் வைக்காமல், சிறு பீங்கான் குகையில் (உருக்கும் கிண்ணத்தில்) ஒரு துண்டு வெள்ளிக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, 930 டிகிரியிலிருந்து மிக மெதுவாக ஏற்றி, கம்பி எப்போது சரிந்து முத்தாகிறது என்று பார்வைத் துளை வழியே உரிய பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணிந்து பாருங்கள். அப்போது மீட்டர் 985 என்று காட்டினால் உங்கள் சூளை எவ்வளவு பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். ஒன்று மட்டும், கொலுசு வெட்டிய துணுக்கை வாங்கி வராதீர்கள். அதில் செம்பு கலந்திருக்கும். வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவை 779 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் என்பதால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

மலைக்கு மேல் வேறு தொல்லைகளும் உண்டு. மாலையில் வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கினால் சூளையின் சக்தி 13 சதவீதம் குறைவதில்லை, சுமார் 24 சதவீதம் குறைகிறது. சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதே இதற்குக் காரணம். பழைய காயிலும் சேர்ந்துகொண்டால், தகடுகள் உருகி ஒட்டத் தேவையான 820 டிகிரியை எட்ட முடியாமல் சூளை 700-க்கும் 760-க்கும் இடையில் மணிக்கணக்கில் திணறும். கண்ணாடியின் மேல் வெள்ளையாகப் பூத்துப்போவதற்கு அந்த இடைவெளிதான் மிகவும் வசதியானது. பூத்தால் கண்ணாடி அழுக்கு என்று திட்டுவதற்கு முன், வோல்ட் மீட்டரைப் பாருங்கள். மூடுபனிக் காலத்தில் செங்கல் ஈரத்தை உறிஞ்சி, சுவிட்சைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறங்கிவிடுவதும் உண்டு. அதை நேர் இணைப்பாக மாற்றச் சொல்லும் யோசனையை ஒருபோதும் ஏற்காதீர்கள். சூளைக்குள் சில நாள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு உலர்த்திய பின், மூடியைச் சற்றுத் தூக்கிவைத்து 100 டிகிரிக்குச் சற்று மேல் இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும்.

செங்கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்கல் சுரங்க ஊர்க்காரர்களாகிய நமக்கு மேக்னசைட் செங்கல் மலிவாகக் கிடைப்பதால், அதைக் கொண்டே சூளை கட்டலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பு உருக்கும் உலைக்கு அது அருமையான கல். கண்ணாடிச் சூளைக்கு அது வேண்டாம்: கனமானது, சூட்டைத் தானே விழுங்கும், வெளியேயும் கடத்தும், அடிக்கடி ஏறி இறங்கும் சூட்டில் வெடிக்கும். போதாததற்குக் காற்றின் ஈரத்தில் சுண்ணாம்பு நீர்ப்பது போல் நீர்த்து உதிரும் குணமும் அதற்கு உண்டு. கையில் எடுத்தால் பஞ்சு போல் லேசாக இருக்கும் இன்சுலேஷன் செங்கல், 1260 டிகிரி தாங்கும் வகை, நம் வேலைக்குப் போதுமானது.

கண்ட்ரோலர் சொல்வதற்கேற்பக் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எஸ்.எஸ்.ஆர். ரிலே பழுதானால் பெரும்பாலும் அணைந்த நிலையில் நிற்காது, எரியும் நிலையில் நின்றுவிடும். கண்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். எனவே தனி தெர்மோகப்பிள் கொண்ட இரண்டாவது லிமிட் கண்ட்ரோலரும், அது இழுக்கும் கான்டாக்டரும் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) இல்லாத சூளையை இரவில் ஆளில்லாமல் ஓட்ட நான் யாருக்கும் சம்மதிப்பதில்லை. பலகையில் பூசும் அலுமினாவும் சீனக்களிமண்ணும் கலந்த பூச்சைச் சுரண்டும்போதும், பீங்கான் இழைத் தாளைக் கையாளும்போதும் எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை போதாது, என்.95 முகக்கவசம் அணிந்து, துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள்.

கடைசியாக மின்தடை. மின்சாரம் திரும்பியதும் கண்ட்ரோலர் விட்ட இடத்தில் தொடர்கிறதா, முதல் படியிலிருந்து தொடங்குகிறதா, அப்படியே நின்றுவிடுகிறதா என்பதைச் சூளை காலியாக இருக்கும் ஒரு நாளில் மெயினை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றும் கட்டத்தில் மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல், அதன் மேல் பீங்கான் இழைப் போர்வையை விரியுங்கள். மின்சாரம் வரும்போது சூளை 300 டிகிரிக்கு மேல் இருந்தால் மணிக்கு 50 டிகிரி வீதம் 550-க்கு ஏற்றி, இரண்டு மணி நேரக் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். அந்த அம்மா இப்போது சூளையின் பக்கத்தகட்டில் சாக்பீஸால் நேரத்தையும் எண்ணையும் எழுதிவைக்கிறார். போன மாதம் அழைத்தபோது, "மூணு மணி இருவதுக்குப் போச்சுங்க, அப்ப 531" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.