இலவச பிட்கீப்பரும் அவசரத்தில் பிறந்த கிட்டும்

நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருளுக்கே அடையாளமாக இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், 2002 முதல் 2005 வரை தன் நிரலின் வரலாற்றை, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவை, ஒரு மூடிய மென்பொருளில்தான் வைத்திருந்தது. அதன் பெயர் பிட்கீப்பர். லேரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் உருவாக்கியது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதுவரை திருத்தங்களை மின்னஞ்சலில் வாங்கித் தானே சேர்த்துக்கொண்டிருந்தார். வந்து குவிந்தவற்றுக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிட்கீப்பர் நல்ல கருவிதான். நிரலும் வரலாறும் சேர்ந்த முழுக் களஞ்சியமும் அவரவர் கணினியிலேயே இருக்கும், தனித்தனியே மாற்றப்பட்டுப் பிரிந்த கிளைகளை இணைப்பதும் எளிது.

திறமூலக்காரர்கள் அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: இலவசமாகப் பயன்படுத்துபவர் போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது. களஞ்சியம் உங்கள் வட்டில் இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடம். இலவசம் என்ற சொல் இதை நன்றாகவே மறைத்துவிட்டது.

விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சம்பா மென்பொருளைத் தொடங்கிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பரைத் தொடாமலே அதன் சர்வரிலிருந்து வரலாற்றை எடுக்க ஒரு நிரல் எழுதினார். எப்படி என்பதைப் பிறகு ஒரு மாநாட்டு மேடையில் செய்தே காட்டினார். டெல்நெட் என்ற எளிய இணைப்பு நிரலில் சர்வரோடு இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டினால் போதும், அது தன் கட்டளைகளைத் தானே பட்டியல் போட்டது! இந்தத் தகராறில் இலவச உரிமம் போயிற்று. 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பருக்கு மாற்றாகக் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே அது தன் சொந்த நிரலைத் தானே நிர்வகித்தது.

கிட் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, அதன் உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-1 என்ற கணித முறையில் 40 எழுத்து நீள அடையாளம் ஒன்றைக் கணக்கிடுகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். எந்தப் பெயரில் எந்த உள்ளடக்கம் என்ற பட்டியலுக்கும் இதேபோல் ஓர் அடையாளம். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கமிட் என்பது அந்தப் பட்டியலின் அடையாளம், எழுதியவர் பெயர், குறிப்பு, முந்தைய கமிட்டின் அடையாளம் எல்லாம் அடங்கிய சிறு உரை. அதற்கும் அடையாளம் உண்டு. ஆகவே பழைய கமிட் ஒன்றில் யாராவது கைவைத்தால் அதன்மேல் வந்த அத்தனை கமிட்களின் அடையாளங்களும் மாறும். கடைசி அடையாளம் ஒன்று சரியாகத் தெரிந்தால் போதும், யாரிடமிருந்து வாங்கிய நகலையும் நீங்களே சரிபார்க்கலாம். கோப்பு வடிவமும் ஊரறிந்தது. லிப்கிட்2, ஜேகிட் என்று அதே களஞ்சியத்தைப் படிக்கும் வேறு நிரல்களை எழுத யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சரி, சிக்கல் தீர்ந்ததா? பாதிதான். இன்று பெரும்பாலான திறமூலத் திட்டங்கள் இருப்பது கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில். 2018 முதல் அது மைக்ரோசாஃப்ட்டுடையது, அதன் சர்வர் நிரலும் மூடியதுதான். களஞ்சியத்தை நகலெடுத்தால் நிரலும் கமிட்களும் முழுசாக வரும். பிழைப் புகார்களும், ஒரு திருத்தத்தை ஏன் ஏற்றார்கள், ஏன் மறுத்தார்கள் என்ற விவாதங்களும் கூட வராது. அவை அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கமிட் குறிப்பில் “1234ஆம் புகாரைச் சரிசெய்தேன்” என்று இருக்கும். அந்த 1234 என்ன சொன்னது என்பதற்குக் களஞ்சியத்தில் பதில் இல்லை. நிரல்கள் தளத்தோடு பேசும் ஏபிஐ வழியாக அவற்றை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் தினமும் அதைச் செய்து வைக்கும் திட்டங்கள் அபூர்வம்.

கெர்னல் குழு இன்றும் விவாதங்களைப் பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே நடத்துகிறது. பழைய பாணி என்று பலர் கேலி செய்வதுண்டு. அந்த மின்னஞ்சல்களின் காப்பகத்தையும் கிட் களஞ்சியங்களாக யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம்.