கதிரையிலிருந்து ஐந்து முறை

திருக்கடலூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 76 வயது. கரைவலை இழுத்த உடம்பு. வயிற்றெரிவு என்று போன மாதம் கமரா விட்டுப் பார்த்தார்கள். சின்னப் புண் தவிர ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கேட்டார்: "கான்சர் எண்டு சொல்லியிருந்தா, இந்த வயசில வெட்டுவாங்களோ தம்பி?"

வெட்டுவார்கள், வயிற்றைத் திறக்காமலே. இரைப்பைப் புற்றுநோய் உட்சவ்வோடு நிற்கும்போதே பிடிபட்டால், கமரா போகும் அதே குழாய் வழியாக ஊசி விட்டுச் சவ்வுக்கு அடியில் திரவம் ஏற்றுவார்கள். அந்த இடம் கொப்புளம் மாதிரி எழும்பும். பிறகு நுண்ணிய மின்கத்தியால் சுற்றிக் கீறி, அடியோடு உரித்து எடுத்துவிடுவார்கள். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் வளர்ந்த முறை இது. மிஞ்சும் புண் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஆறிவிடும்.

சரி, அதற்கப்புறம்? இங்கேதான் கதை இரைப்பையை விட்டுத் தொடைக்கு வருகிறது. இப்படிச் சிகிச்சை பெற்ற முதியவர்களில் பலரைப் பிற்பாடு கொண்டுபோவது அந்தப் புற்றுநோய் அல்ல. நிமோனியா, இதய நோய் போன்றவை. தசை வற்றியவர்களுக்கு அந்த ஆபத்து கூட என்று ஜப்பானிய ஆய்வுகள் காட்டுகின்றன.

தசைதான் உடம்பின் புரதச் சேமிப்பு. காய்ச்சலோ காயமோ வந்தால், நோயெதிர்ப்புக் கலங்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்களை உடம்பு அங்கிருந்துதான் உருவுகிறது. சளியை இருமித் துப்பவும் தசைப் பலம் வேண்டும்.

வயது போகப் போக, தசையை இயக்கும் நரம்புக் கலங்கள் குறைகின்றன. முதலில் மெலிவது வேகமாகச் சுருங்கும் நார்கள். படகில் கால் வழுக்கினால் சட்டென்று பிடித்து நிறுத்துபவை. அந்த இடத்தில் கொழுப்பு புகுந்துவிடுவதால் தராசில் வித்தியாசம் தெரியாமலே போகலாம். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரில் 'உடம்பு வத்திட்டுது' என்பார்கள். வயசாச்சு என்று விட்டும்விடுவார்கள்.

அது அவசரப்பட்ட முடிவு. 1990இல் வெளியான பொஸ்டன் ஆய்வொன்றில், சராசரி 90 வயதுக்காரர்கள் எட்டு வாரம் பாரம் தூக்கிப் பழகியதில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைக் கதிரையில் இருத்தி, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழும்பி இருக்கச் சொன்னேன். தசை வற்றலைக் கணிக்கும் ஆசிய அளவுகோலில் 12 விநாடியைத் தொட்டாலே யோசிக்க வேண்டும். அவருக்கு 15.

"கதிரை பதிவா இருக்கு" என்றார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. இரவுப் புட்டோடு இரண்டு முட்டை அவித்து வைத்தார்.