அழாத பிள்ளையும் குதிகாலில் ஒரு துளி ரத்தமும்

"சமத்துப் பிள்ளை டாக்டர், அழவே அழாது. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்" என்று பாட்டிகள் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, அழுகை கரகரக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பேன். பிறவித் தைராய்டு குறைபாடு உள்ள பிள்ளை இப்படித்தான் 'சமத்தாக' இருக்கும். இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது.

ஆனால் பிறந்த புதிதில் பெரும்பாலும் இந்த அறிகுறிகூடத் தெரியாது. அதற்கு ஒரு காரணம் மூளையில் உள்ள ஒரு நொதி.

தைராய்டு சுரப்பி அதிகம் சுரக்கும் ஹார்மோன் டி4. மூளைச் செல்லுக்குள் வேலை செய்வதோ டி3. டி4-இல் உள்ள நான்கு அயோடின் அணுக்களில் குறிப்பிட்ட ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குவது டீஅயோடினேஸ் 2 என்ற நொதி. மூளையில் இது முக்கியமாக, நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் இருக்கிறது. நியூரான்கள் என்ற நரம்பு செல்களில் உள்ள டீஅயோடினேஸ் 3 இதற்கு நேர் எதிர்: டி3-ஐச் செயலிழக்க வைக்கும். மூளையின் எந்தப் பகுதிக்கு எப்போது எவ்வளவு டி3 என்பது பெருமளவு இந்த இரண்டின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. எலிக்குட்டி மூளையில் டீஅயோடினேஸ் 2 பிறந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகும். மனிதக் கருவிலோ கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். கருவின் சொந்தத் தைராய்டு அப்போது இன்னும் தேறியிருக்காது. டி4 தாயிடமிருந்துதான் வர வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தைராய்டு மாத்திரையை நிறுத்தும் பெண்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

டி4 குறைந்தால் இந்த நொதி கூடும். உள்ளதை வைத்துச் சமாளிக்கும். தாயின் டி4-உம் சேர்ந்துகொள்வதால் பிறக்கும்போது பிள்ளை நன்றாகவே தெரியும். தொப்புள்கொடி அறுந்த பிறகு? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஒரு தகப்பனார் ரிப்போர்ட்டை நீட்டி, "டி3 நார்மல்தானே சார், மாத்திரை எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அது ரத்தத்தில் உள்ள டி3. வளரும் மூளை தனக்கு வேண்டியதில் பெரும்பங்கை டி4-இலிருந்து தானே செய்துகொள்கிறது. அந்தப் பிள்ளைக்கு டி4 அடிமட்டத்தில் இருந்தது. நாங்கள் கொடுக்கும் மாத்திரையும் டி4-தான்.

அதனால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். பிறந்து 48 மணி நேரம் கழித்து, குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளின் வட்டங்களை ரத்தத்தால் நிரப்பினால் போதும். அதில் பார்க்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பிறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் எகிறும் என்பதால், முன்னதாக எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும். குறைபாடு உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும். மூளை தைராய்டு ஹார்மோனை நம்பி வளரும் முதல் மூன்று வருடங்களில் மருந்தை ஒருநாளும் விடக்கூடாது.

கொடுக்கும் விதம் எளிது. மாத்திரையை ஸ்பூனில் நசுக்கி, நாலு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கன்னத்தோரம் விடுங்கள். பாட்டில் நிறையப் பாலில் கரைத்தால், பாதி குடித்துத் தூங்கிவிடும் பிள்ளைக்குப் பாதி மருந்துதான். இரும்புச் சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளை வேறு வேளைக்குத் தள்ளிவையுங்கள்.