பொரிப்பான்மீது பழி போடாதீர்கள்

ஒருவர் பொரிப்பானில், அதாவது முட்டைகளை அடைகாக்கும் கருவியில், வைத்தும் குஞ்சு பொரியாத முட்டைகளைத் தட்டோடு என் மேசையில் வைத்து, "பொரிப்பான் கெட்டுவிட்டது டாக்டர்" என்றார். அத்தனையும் அரவ்கானா. சிலி நாட்டு மாபுச்சே மக்களின் கோழிகளிலிருந்து வந்த, வாலில்லாத நீல முட்டைக் கோழி.

ஒவ்வொன்றாக உடைத்தேன். ஓட்டின் உள்பக்கமும் அதே நீலம். பழுப்பு முட்டையில் நிறம் மேற்பூச்சுதான். இதில் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு முழுவதும் ஊறியிருக்கும். நீல முட்டையில் சத்து அதிகம் என்ற கதையை நம்ப வேண்டாம், வித்தியாசம் ஒன்றுமில்லை.

கூமுட்டை இரண்டுதான். மற்றவற்றில் இறகு முளைத்து, முழுதாக வளர்ந்த குஞ்சுகள் செத்துக் கிடந்தன. வெப்பம் 37.5 டிகிரி, 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தையும் கூட்டியிருக்கிறார். மனிதர் எதிலும் பிசகவில்லை.

"தாய், தகப்பன் இரண்டுக்கும் காதோரம் இறகுக் குஞ்சம் உண்டா?"

"அதற்காகத்தானே தேடிப்பிடித்து ஜோடி சேர்த்தேன்!"

வினை அங்கேதான். குஞ்சத்துக்கான மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தால் அழகு. இரு பக்கத்திலிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. குஞ்சமுள்ள இரண்டைச் சேர்த்தால் கருக்கூடிய முட்டைகளில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப் போகும், அதுவும் பெரும்பாலும் கடைசி நாள்களில். ஒற்றை மரபணு உள்ள குஞ்சுகளிலும் சில தப்புவதில்லை. எந்தப் பொரிப்பானை வாங்கினாலும் இது மாறாது. ஜோடியில் ஒன்றாவது குஞ்சமில்லாததாக இருக்க வேண்டும்.

முகத்தில் இறகு வேண்டும் என்பவர்களுக்கு அமெரவ்கானா என்ற இன்னொரு நீல முட்டை இனம் போதும். வாலும் உண்டு, தாடியும் உண்டு. அந்தத் தாடி குஞ்சைக் கொல்வதில்லை. ஆனால் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். நீல நிற மரபணு ஓங்கு தன்மை கொண்டது, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும்; அதனால் கலப்புக் கோழியும் நீலமோ பச்சையோ இடும். முட்டையைக் காட்டி 'அசல் இனம்' என்று விலை சொன்னால் பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கரு வளர்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்தால், நீல ஓட்டில் வெளிச்சம் மங்கலாகத்தான் ஊடுருவும். ஏழாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று தூக்கி எறியாமல் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள்.

அவர் அடுத்த முறை குஞ்சமில்லாத பெட்டைகளைக் குஞ்சமுள்ள சேவலோடு விட்டார். நன்றாகவே பொரித்தன. பாதிக் குஞ்சுகளுக்குக் குஞ்சம் இல்லை என்பதில் மட்டும் அவருக்கு இன்னும் வருத்தம்.