வெயில் தோலின் காவலையும் தளர்த்தும்

அக்கினி நட்சத்திரம் பிறந்தால் என் கிளினிக்குக்கு வருடம் தவறாமல் ஒரு அம்மா வருவார். காட்பாடிப் பக்கம் சித்தாள் வேலை. உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம், அதைச் சுற்றிக் காவி. அக்கி எழுதிக்கொண்டு வந்திருப்பார். "உடம்புச் சூடுதான் டாக்டரம்மா, வெயில் வந்தா ஒதடு வெடிச்சிடுது."

வெயில் என்பது சரி. ஆனால் அதன் அனலை விட, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் இங்கே வினை. கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் நரம்புக்குள் பல வருடமாகப் பதுங்கியிருப்பது. மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவலர்கள் உண்டு, 1868-லேயே கண்டறியப்பட்டவை. கிருமியைப் பிடித்து, நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொடுப்பது இவற்றின் வேலை. புற ஊதாக் கதிர் பட்டால் இவை குறைந்துபோகின்றன, மிஞ்சியவையும் சோர்ந்துவிடுகின்றன. பதுங்கியிருந்தது தலைதூக்குகிறது. தோல் சிவக்கும் வரை காய வேண்டியதே இல்லை, அதற்குக் குறைந்த வெயிலே போதும். நம் மாநிறத் தோலின் மெலனின் என்ற நிறமி நல்ல குடைதான். ஆனாலும் ஓட்டைக் குடை.

வைட்டமின்கள் உதவுமா? ஓரளவு உதவும். கதிர் பட்ட தோலில் உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகள் செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கும்போது வைட்டமின் ஈ தடுத்து நிற்கிறது. தடுத்துத் தேய்ந்த ஈயை வைட்டமின் சி மீட்டெடுக்கிறது. அதனால்தான் கொய்யா, நெல்லிக்காயோடு நம் ஊர் வேர்க்கடலையும் சாப்பிடச் சொல்கிறேன். பி3 வகை நிகோடினமைடின் வழி வேறு: கதிரால் வற்றும் ஆற்றலைச் செல்லுக்குக் கொடுத்து டிஎன்ஏவைப் பழுதுபார்க்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே தோல் புற்று வந்த 386 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. தினம் இருவேளை 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் புதிய புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. நிறுத்தியதும் பலனும் நின்றது. அவர்கள் வெள்ளைத் தோலினர். அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது.

மெடிக்கலில் வைட்டமின் ஈ பச்சை கேப்ஸ்யூல் வாங்கி, ஊசியால் குத்தி முகத்தில் தேய்த்து, அரிப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. புகைபிடிப்பவர்கள், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். ஃபின்லாந்தில் 1994-இல் வந்த ஆய்வில், அதை எடுத்த புகைப்பிடிப்பாளர்களுக்கு நுரையீரல் புற்று கூடியிருந்தது.

முதலில் நிழல், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரம் கதிர் கடுமையாக இருக்கும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "பதினோரு மணிக்கு நிழல்ல உக்காந்தா கூலி யாரும்மா குடுப்பாங்க?"

காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கி நடுவெயிலில் விடலாமா என்று கேட்க, மேஸ்திரி நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.